அனிமேஷன், டிசைன் சாஃப்ட்வேர் கத்துக்க நல்ல டுட்டோரியல் எப்படி தேடிப் பிடிக்கறது?

கேள்வி இதுதான்: டிகிரி முடிச்சிட்டு வீட்ல இருக்கற ஒருத்தர், 8 ஜிபி ராம் லேப்டாப் கையில இருக்கு, அனிமேஷனும் கிராஃபிக் டிசைனும் கத்துக்கணும், இன்ஸ்டிட்யூட்ல கேக்கற ஃபீஸ் கட்ட வசதி இல்ல, யூட்யூப்ல தேடினா வீடியோ வந்து கொட்டுது, எதை நம்பி உக்கார்றதுன்னு தெரியல, இங்கிலீஷ் ஓரளவுக்கு புரியும், நல்ல டுட்டோரியல் எங்க கிடைக்கும், கடைசியில சர்டிஃபிகேட் இல்லாம வேலை கிடைக்குமா. நான் மோஷன் கிராஃபிக்ஸ்ல வேலை பாக்கறேன், புதுசா வர்ற பசங்களுக்கு சொல்லிக் கொடுக்கறதும் உண்டு, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். டுட்டோரியலுக்கு பஞ்சமே இல்ல, இலவசமா கிடைக்கறதே ஒரு ஆயுசுக்கு போதும். திணறல் எங்க வருதுன்னா, என்ன செய்யப் போறோம்னு முடிவு பண்ணாமலே தேட ஆரம்பிக்கறதுல. "அனிமேஷன்"னு ஒரே வார்த்தையில சொல்லிடறோம், ஆனா உள்ள போனா அது நாலஞ்சு தனித்தனி வேலை. கேரக்டரை நடக்க வைக்கறது, பேச வைக்கறது ஒரு வேலை. 3டில மாடல் பண்றது வேற. ஒரு கம்பெனி விளம்பரத்துக்கு லோகோ, எழுத்து, ஐகான் எல்லாம் அசையற மாதிரி பண்றது மோஷன் கிராஃபிக்ஸ், அது வேற. சினிமா காட்சியில கம்ப்யூட்டர்ல சேர்க்கற விஎஃப்எக்ஸ் வேற. டிசைன் பக்கமும் அப்படித்தான், ஃப்ளெக்ஸ், கல்யாணப் பத்திரிகை அடிக்கற பிரஸ்ல உக்கார்றவரும் ஆப் ஸ்க்ரீன் டிசைன் பண்றவரும் தொடற சாஃப்ட்வேரே ஒண்ணு கிடையாது. அதனால தேடறதுக்கு முன்னாடி உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச மூணு நாலு வீடியோவோ போஸ்டரோ எடுத்து வச்சுக்கிட்டு, இதுல எதை நாம செய்யணும்னு ஆசைப்படறோம்னு பாருங்க. அது தெரிஞ்சாச்சுன்னா தேட வேண்டியது பாதியா குறைஞ்சிடும்.

அடுத்தது உங்க மெஷின். மோஷன் கிராஃபிக்ஸ் பண்ற ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்கு அதை விக்கற அடோபியே குறைஞ்சது 16 ஜிபி ராம்னு சொல்றாங்க, அதனால உங்க லேப்டாப்ல அதை வச்சு ஆரம்பிக்காதீங்க, ஒவ்வொரு ப்ரிவ்யூவுக்கும் காத்துக்கிட்டே இருந்தா கத்துக்கற ஆசையே போயிடும். 3டிக்கான பிளெண்டருக்கு மினிமம் 8 ஜிபி, நல்லா ஓடணும்னா 32னு அவங்க சைட்ல போட்டிருக்கு, ஆனா சின்ன சின்ன சீன் வச்சு கத்துக்கறதுக்கு 8ல தாராளமா ஓடும். கிரிட்டா (வரையறதுக்கு), இங்க்ஸ்கேப் (லோகோ, வடிவம் பண்றதுக்கு), கிம்ப் (ஃபோட்டோ எடிட் பண்றதுக்கு) இதெல்லாம் உங்க மெஷின்ல பிரச்சனை இல்லாம ஓடும், எல்லாம் இலவசம். இலவசம்னா ரெண்டாந்தரம்னு ஒரு எண்ணம் நம்ம ஊர்ல ரொம்ப நாளா இருக்கு, அதை விட்டுடுங்க. 2025ல சிறந்த அனிமேஷன் படத்துக்கு ஆஸ்கர் வாங்கின லாட்வியா நாட்டுப் படம் பிளெண்டர்ல பண்ணது. அந்த பிளெண்டரே 2002ல கம்பெனி மூடற நிலைமைக்கு வந்தப்போ ஜனங்க ஒரு லட்சம் யூரோ திரட்டிக் கொடுத்து எல்லாருக்கும் பொதுவா ஆக்கின சாஃப்ட்வேர், அப்படி வந்ததாலதான் இன்னிக்கு அதை சுத்தி இவ்வளவு பேர் சும்மாவே சொல்லிக் கொடுக்கறாங்க.

இப்ப டுட்டோரியல் தேடும்போது முதல்ல பார்க்க வேண்டியது வெர்ஷன். இதை நான் அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு, புதுசா கத்துக்கறவங்க பாதியில விட்டுட்டுப் போறதுக்கு முக்கியமான காரணமே இதுதான்னு நான் நினைக்கறேன். வீடியோல அவர் ஒரு பட்டனை அழுத்தறார், நம்ம ஸ்க்ரீன்ல அந்த பட்டனே இல்ல, உடனே நமக்கு மூளை இல்லன்னு தோணிடுது, ஆனா பிரச்சனை வெர்ஷன்ல. பிளெண்டர் 2.8 வந்தது 2019 ஜூலைல, அதுக்கு முன்னாடி ரைட் க்ளிக் பண்ணாதான் ஒரு பொருள் செலக்ட் ஆகும், 2.8ல இருந்து லெஃப்ட் க்ளிக், லேயர்னு இருந்தது கலெக்ஷனா மாறிடுச்சு, சீனை கடைசிப் படமா மாத்தற பழைய ரெண்டர் இன்ஜினை எடுத்துட்டு ஈவீன்னு புதுசு கொண்டு வந்தாங்க. அதனால 2019க்கு முந்தின பிளெண்டர் வீடியோ எவ்வளவு நல்லதா இருந்தாலும் ஆரம்பிக்கறவங்களுக்கு வேண்டாம். கிரிட்டாவும் இப்படித்தான், பழைய வீடியோல எல்லாம் வீடியோவா எக்ஸ்போர்ட் பண்ண எஃப்எஃப்எம்பெக்னு ஒண்ணை தனியா டவுன்லோட் பண்ணி பாத் காட்டுங்கன்னு சொல்வாங்க, 5.2ல இருந்து அது கூடவே வந்துடுது, அந்த தலைவலியே இல்ல. அஃபினிட்டின்னு ஒரு டிசைன் சாஃப்ட்வேர், டிசைனர், ஃபோட்டோ, பப்ளிஷர்னு மூணு தனி ஆப்பா காசுக்கு வித்தது, கேன்வா அதை வாங்கினதுக்கு அப்புறம் 2025 அக்டோபர்ல எல்லாத்தையும் ஒரே ஆப்பா சேர்த்து இலவசமாக்கிட்டாங்க, ஆனா யூட்யூப்ல கிடைக்கற வீடியோ பாதிக்கு மேல பழைய மூணு ஆப்பை வச்சுத்தான் இருக்கும்.

யூட்யூப் தேடல் பெட்டியிலயே "after:2023"ன்னு இங்கிலீஷ்ல கூட சேர்த்து அடிச்சா அந்த வருஷத்துக்கு அப்புறம் வந்தது மட்டும் வரும், நிறைய பேருக்கு இது தெரியாது. ஃபில்டர்ல ப்ளேலிஸ்ட்னு மாத்தி வச்சு தேடினா இன்னும் நல்லது, ஏன்னா ஒரே ஆள் வரிசையா சொல்லிக் கொடுக்கறதுதான் ஆரம்பத்துல வேணும், அங்கொண்ணு இங்கொண்ணா பத்து பேர்கிட்ட பார்த்தா ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு ஷார்ட்கட், ஒவ்வொரு பழக்கம்னு குழப்பிடுவாங்க.

சரி, பிளெண்டருக்கு யார்கிட்ட போறது. உலகத்துல பாதிப் பேர் ஆரம்பிக்கறது ஆண்ட்ரூ ப்ரைஸ் நடத்தற பிளெண்டர் குரு சேனல்ல இருக்கற டோனட் வரிசைலதான், புது வெர்ஷன் வந்து நிறைய மாறிச்சுன்னா அவரே திரும்ப முதல்ல இருந்து எடுத்துப் போடறார், அதனால எது கடைசியா வந்ததோ அதை எடுத்துக்கங்க. நல்ல வரிசைதான், மாடலிங், மெட்டீரியல், லைட்டிங், ரெண்டர்னு ஒரு சுத்து சுத்திக் காட்டிடுவார். ஆனா ஒண்ணு கவனிங்க, டோனட் முடிச்சா உங்களுக்கு 3டி சாஃப்ட்வேர் கை வரும், அனிமேஷன் வராது, ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சிட்டு டோனட்டுக்கு அப்புறம் வீடு, கார், ரூம்னு மாடல் பண்ணிக்கிட்டே போயிடறாங்க. கேரக்டர் அசைக்கணும்னு ஆசை இருக்கறவங்க டோனட்டோட மாடலிங்கை நிறுத்திட்டு நேரா அனிமேஷனுக்கு வாங்க, கேரக்டரை நீங்களே செய்யணும்னு இல்ல, பிளெண்டர் ஸ்டூடியோ சைட்ல ரெயின், ஸ்னோன்னு ரெண்டு கேரக்டர் ரிக் (அசைக்கறதுக்கு எலும்பெல்லாம் பொருத்தி ரெடியா இருக்கற கேரக்டர்) இலவசமாவே கொடுக்கறாங்க, அதை இறக்கி வச்சு பழகலாம். க்ராண்ட் ஆபிட்னு இன்னொருத்தர் இருக்கார், ரொம்ப நிதானமா, அதட்டல் இல்லாம சொல்லிக் கொடுப்பார், இங்கிலீஷ் தட்டுத்தடுமாறி புரியறவங்களுக்கு அவரோட பேச்சு வேகம் வசதியா இருக்கும்.

இனிமே சொல்றதுதான் எனக்கு மனசுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கற விஷயம். சாஃப்ட்வேர் டுட்டோரியல் மட்டும் பார்த்தா பட்டன் எங்க இருக்குன்னு தெரியும், ஆனா பந்து ஏன் பந்து மாதிரி குதிக்கலன்னு தெரியாது. டிஸ்னில வேலை பார்த்த ஃப்ராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் ரெண்டு பேரும் 1981ல 12 விதிகளா எழுதி வச்சாங்க, ஸ்க்வாஷ் அண்ட் ஸ்ட்ரெட்ச் (அமுங்கி நீளறது), ஆன்டிசிபேஷன் (அசையறதுக்கு முன்னாடி தயாராகறது), ஆர்க் (வளைவான பாதை), டைமிங் இதெல்லாம், இன்னிக்கு வரைக்கும் எந்த சாஃப்ட்வேர்ல பண்ணாலும் அதுதான் அடிப்படை. ஆலன் பெக்கர் யூட்யூப்ல அந்த 12ஐயும் ஒவ்வொண்ணுக்கும் ஒரு சின்ன வீடியோவா போட்டிருக்கார், ஒரு சாயந்திரத்துல எல்லாத்தையும் பார்த்துடலாம், ஆனா பார்த்துட்டு விடாதீங்க, ஒவ்வொண்ணா செஞ்சு பாருங்க. கான் அகாடமில பிக்ஸார் ஆளுங்களே சேர்ந்து பண்ண பிக்ஸார் இன் எ பாக்ஸ்னு ஒரு கோர்ஸ் இருக்கு, முழுக்க இலவசம், அதுல அனிமேஷன் பாடத்துல கர்வ் (அசைவும் வேகமும் எப்படி மாறுதுன்னு காட்டற கோடு) எப்படி வேலை செய்யுதுன்னு பந்தை வச்சே விளக்குவாங்க, கூடவே அதுக்குப் பின்னாடி இருக்கற கணக்கும் வரும், ப்ளஸ் டூல கணக்கு படிச்சவங்களுக்கு ரொம்பவே பிடிக்கும்.

பந்து குதிக்கறதை எல்லாரும் ஏன் முதல் பயிற்சியா வைக்கறாங்கன்னா, அதுல எல்லாமே இருக்கு. மேல போகும்போது வேகம் குறைஞ்சு உச்சியில கொஞ்சம் தொங்கும், இறங்கும்போது வேகம் கூடும், தரையைத் தொடும்போது நிக்கவே நிக்காது, தொட்ட உடனே கிளம்பிடும், ஒவ்வொரு குதிக்கும் உயரம் குறையும். முதல் தடவை பண்றவங்க பந்து பெரும்பாலும் தரைகிட்ட வந்து மெதுவாகி, ஏதோ தண்ணிக்குள்ள இறங்கற மாதிரி இருக்கும், காரணம் பிளெண்டர்ல கீ ஃப்ரேம் (இந்த நேரத்துல பொருள் இங்க இருக்கணும்னு போடற குறி) வச்சா தானாவே ரெண்டு பக்கமும் மெதுவாகற மாதிரி கர்வ் போட்டுடும். அந்தக் கோடுகளை மாத்தற கிராஃப் எடிட்டரைத் திறந்து தரையைத் தொடற இடத்துல அந்த கர்வை கூரா ஆக்கினீங்கன்னா பந்து உயிர் பெறும், அந்த ஒரு மாற்றத்தைக் கண்ணால பார்த்த அன்னிக்குதான் பல பேருக்கு அனிமேஷன்னா என்னன்னு பிடிபடுது. அதனால எந்த சாஃப்ட்வேர் எடுத்தாலும் தேட வேண்டிய முதல் விஷயம் கிராஃப் எடிட்டர். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல இதுக்கு நேர் எதிர், கீ ஃப்ரேம் வச்சா எல்லாம் ஒரே வேகத்துல போகும், எஃப் 9 அழுத்தினாதான் ஈஸ் ஆகும், அதாவது மெதுவா கிளம்பி மெதுவா நிக்கும், அங்கயும் கடைசியில கிராஃப் எடிட்டருக்குத்தான் வரணும். அப்புறம் அதே பந்தை இரும்பு குண்டா ஒரு தடவை, பிங்பாங் பந்தா ஒரு தடவை பண்ணுங்க, படம் அதேதான், டைமிங்கை மட்டும் வச்சு எடையைக் காட்டணும். அதுக்கு அப்புறம் நடை, காண்டாக்ட், டவுன், பாஸிங், அப்னு நாலு போஸ், இந்த நாலு பேரையும் போட்டு வாக் சைக்கிள்னு தேடினா அருமையான பாடம் எல்லாம் வரும்.

2டி பிடிச்சவங்களுக்கு ரெண்டு மூணு வழி. கிரிட்டால 2016ல வந்த 3.0 வெர்ஷன்ல இருந்தே ஃப்ரேம் ஃப்ரேமா வரைஞ்சு அசைக்கலாம், கையால வரையற பழக்கம் இருக்கறவங்களுக்கு அதுதான் சுலபம். பிளெண்டர்லயே புது ஃபைல் திறக்கும்போது 2டி அனிமேஷன்னு தேர்ந்தெடுத்தா க்ரீஸ் பென்சில் வரும், 3டி இடத்துக்குள்ள 2டி வரையறது, கத்துக்க கொஞ்சம் கஷ்டம் ஆனா கையில வந்துட்டா ரொம்ப வலுவானது. ஓப்பன்டூன்ஸ் இருக்கு, ஜப்பான்ல ஜிப்லி ஸ்டூடியோ பயன்படுத்தின டூன்ஸ் சாஃப்ட்வேரை 2016ல இலவசமா திறந்து விட்டது, பேரைக் கேட்டுட்டு நிறைய பேர் ஆசையா இறக்கறாங்க, ஆனா ஆரம்பிக்கறவங்களுக்கு ஏத்த டுட்டோரியல் அதுக்கு கம்மி, ரெண்டாவது சாஃப்ட்வேரா வச்சுக்கங்க. லேப்டாப் இல்லாம ஃபோன் மட்டும் இருக்கற தம்பி தங்கச்சிங்க ஃப்ளிப்பாக்ளிப்ல பந்தை குதிக்க வைங்க, விதி எல்லாம் அதேதான்.

மோஷன் கிராஃபிக்ஸ் பக்கம் போறதுன்னா எப்பவாவது ராமை 16 ஜிபிக்காவது ஏத்திட்டு ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்கு வாங்க. பென் மேரியட், ஜேக் இன் மோஷன், ஸ்கூல் ஆஃப் மோஷன் மூணு சேனலும் போதும், இதுல ஸ்கூல் ஆஃப் மோஷனோட பெரிய கோர்ஸ் எல்லாம் விலை அதிகம் ஆனா யூட்யூப்ல இலவசமா போட்டதே நிறைய. காசு கட்ட முடியாதவங்க டாவின்சி ரிசால்வ்னு வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர் பக்கம் பாருங்க, அதோட இலவச வெர்ஷன்லயே ஃப்யூஷன்னு மோஷன் கிராஃபிக்ஸ் பண்ற பகுதி இருக்கு, பிளாக்மேஜிக் கம்பெனி சைட்ல முழு ட்ரெயினிங் புத்தகமும் பிடிஎஃப்பா, பயிற்சி ஃபைலோட இலவசமா வச்சிருக்காங்க. அதுக்கும் மெஷின் கொஞ்சம் வலுவா வேணும்.

கிராஃபிக் டிசைனுக்கு வருவோம். இங்க எல்லாரும் முதல்ல திணறற இடம் பென் டூல், புள்ளி வச்சு வளைவா கோடு போடற டூல். அதுக்கு வீடியோ பார்க்கறதை விட பெசியர் கேம்னு ஒரு சின்ன விளையாட்டு ப்ரௌசர்லயே இருக்கு, கொடுத்த வடிவத்தை குறைஞ்ச புள்ளியில வரையணும், அதை ஒரு வாரம் விளையாடினா கை தானா பழகிடும். அதே மாதிரி எழுத்துக்கு நடுவுல இடைவெளி சரி பண்றதுக்கு கெர்ன் டைப்னு ஒண்ணு, ரெண்டும் இலவசம். பாடமா வேணும்னா கேரத் டேவிட் ஸ்டூடியோன்னு ஒரு சேனல், கிராஃபிக் டிசைன் அடிப்படையில இருந்து இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் வரைக்கும் வரிசையா, பயிற்சி ஃபைலோட சொல்லிக் கொடுத்திருக்கார். ஃபோட்டோஷாப்புக்கு நம்ம நாட்டுல இருந்து உன்மேஷ் திண்டா நடத்தற பிக்ஸிம்பர்ஃபெக்ட், அவர்கிட்ட எனக்குப் பிடிச்சது ஒரு டூலைக் காட்டும்போது அது ஏன் அப்படி வேலை செய்யுதுன்னு சேர்த்தே சொல்வார், அதனால அடுத்த படத்துக்கு நீங்களே யோசிச்சுப் பண்ண முடியும். இங்க்ஸ்கேப்புக்கு லோகோஸ் பை நிக், கிம்புக்கு டேவிஸ் மீடியா டிசைன். கிம்ப்ல 3.0 வந்தது 2025 மார்ச்ல, எஃபெக்ட் எல்லாம் படத்தைக் கெடுக்காம பின்னாடி மாத்திக்கற மாதிரி வந்துடுச்சு, அதனால அங்கயும் வெர்ஷன் பார்த்து எடுங்க. சாஃப்ட்வேரே தொடாம டிசைன்னா என்னன்னு படிக்க ஐஐடி பம்பாய் டிசைன் பள்ளி நடத்தற டி-சோர்ஸ்னு ஒரு சைட் இருக்கு, டைப்போகிராஃபி, கலர், நம்ம நாட்டு கைத்தொழில் எல்லாம் பாடமா இருக்கு, எல்லாம் இலவசம், இதை ஏன் யாரும் பெருசா பேசறதே இல்லன்னு எனக்கு வருத்தம் உண்டு.

உங்க ஊர்லயே பிரஸ்ல, ஃப்ளெக்ஸ் கடைல வேலைக்குப் போறதுதான் உடனடித் தேவைன்னா நான் சொன்ன பாதி விஷயத்தை ஒத்தி வச்சிட்டு கோரல்டிராவும் ஃபோட்டோஷாப்பும் பாருங்க, தமிழ்நாட்டுல அந்தக் கடைகள்ல ஓடறது பெரும்பாலும் அதுதான். சிஎம்ஒய்கே (அச்சு மை நிறங்கள்), ப்ளீட் (வெட்டற ஓரத்துக்கு வெளியயும் டிசைனை நீட்டி விடறது), பத்திரிகைக்கு 300 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு எத்தனை புள்ளிங்கற கணக்கு), இந்த மூணு வார்த்தைக்கும் தனியா வீடியோ தேடிப் பாருங்க, ஸ்க்ரீன்ல பளிச்சுன்னு இருந்த பச்சை ப்ரிண்ட்ல ஏன் மங்கிப் போச்சுன்னு கஸ்டமர் கேக்கும்போது பதில் தெரியணும்.

இங்கிலீஷ் டுட்டோரியல் எதுலயும் வராத, ஆனா நமக்கு கண்டிப்பா வேண்டிய ஒண்ணு தமிழ் எழுத்து. ஃபோட்டோஷாப்ல தமிழ் டைப் பண்ணா பல பேருக்கு கொம்பு தனியா, கால் தனியா பிச்சுப் போட்ட மாதிரி வரும், நடுவுல ஒரு புள்ளி வட்டம் வேற. உடனே யூனிகோட் (எல்லா மெஷின்லயும் பொதுவான எழுத்து முறை) சரியில்லன்னு முடிவு பண்ணி பாமினிங்கற பழைய ஃபாண்ட்டுக்குப் போயிடறாங்க. சாஃப்ட்வேர்ல ஒரு செட்டிங்தான் விஷயம், பழைய வெர்ஷன்கள்ல ப்ரிஃபரன்சஸ்ல டைப்னு ஒரு பக்கம் இருக்கும், அதுல மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்னு டெக்ஸ்ட் இன்ஜினை மாத்திட்டு புது ஃபைல் திறக்கணும், பாராகிராஃப் பேனல்ல இன்டிசைன்ல வேர்ல்ட் ரெடி கம்போசர்னும் இல்லஸ்ட்ரேட்டர்ல மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன் கம்போசர்னும் ஒண்ணு இருக்கும், அதை வைக்கணும். தேடும்போது "இண்டிக் டெக்ஸ்ட்"னோ "வேர்ல்ட் ரெடி"ன்னோ சேர்த்து தேடுங்க, ஹிந்திக்கு யாராவது போட்ட வீடியோ வரும், அதே வழி தமிழுக்கும் பொருந்தும். இங்க்ஸ்கேப்ல இந்தத் தொல்லையே இல்ல, டைப் பண்ணா ஒழுங்கா வந்துடும். பிளெண்டர்ல தமிழ் எழுத்தை 3டியா நிறுத்தணும்னா இங்க்ஸ்கேப்ல டைப் பண்ணி, ஆப்ஜெக்ட் டு பாத் (எழுத்தை வெறும் வடிவமா மாத்தறது) கொடுத்து, எஸ்விஜி ஃபைலா சேவ் பண்ணி, பிளெண்டர்ல இம்போர்ட் பண்ணுங்க, எழுத்து உடையாம வளைவோட வந்து நிக்கும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல எழுத்து ஒவ்வொண்ணா வந்து விழற மாதிரி ப்ரீசெட் எல்லாம் இருக்கு, அதை தமிழ்ல எழுத்து எழுத்தா போட்டா உயிர்மெய் பிரிஞ்சு போக வாய்ப்பு இருக்கு, சொல் சொல்லா வர்ற மாதிரி மாத்திடுங்க.

ஃபாண்ட்டுக்கும் அலைய வேண்டாம், கூகுள் ஃபாண்ட்ஸ்லயே முக்தா மலர், பாலூ தம்பி, கேட்டமரான், ஹிந்த் மதுரை, மீரா இனிமை, கவிவனார், நோட்டோ சான்ஸ் தமிழ்னு இருக்கு, எல்லாம் யூனிகோட், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். இன்னொண்ணு, இங்கிலீஷ் போஸ்டர் டுட்டோரியல்ல மூணு எழுத்து, நாலு எழுத்து வார்த்தையை பெருசா நடுவுல வச்சு அசத்துவாங்க, அதை அப்படியே தமிழ்ல பண்ணா நிக்காது, நம்ம வார்த்தை நீளம், எழுத்து அகலம், கி, கு மாதிரி எழுத்துல மேலயும் கீழயும் நீட்டம் வேற, அதனால வரிக்கு நடுவுல இடம் கூட விடணும், தலைப்பை எங்க உடைச்சு அடுத்த வரிக்கு போறதுன்னு நீங்களே யோசிக்கணும். நம்ம ஊர் பழைய பத்திரிகை அட்டைகளையும் கையால எழுதின கடை போர்டுகளையும் ஃபோட்டோ எடுத்து வச்சு அதைப் பார்த்து பழகுங்க, அதை விட நல்ல பாடம் கிடையாது.

தமிழ்லயே சொல்லிக் கொடுக்கறது வேணும்னா ஐஐடி பம்பாயோட ஸ்போக்கன் டுட்டோரியல் சைட்டை முதல்ல பாருங்க, மத்திய அரசு உதவியோட ஆரம்பிச்சது, ஒவ்வொண்ணும் சுமார் பத்து நிமிஷம், அதே ஸ்க்ரீன் வீடியோக்கு இந்திய மொழிகள்ல குரல் கொடுத்திருப்பாங்க, எழுத்து வடிவமும் கூடவே இருக்கும். கிம்ப், இங்க்ஸ்கேப், பிளெண்டர், 2டி அனிமேஷனுக்கான சின்ஃபிக் எல்லாம் அதுல உண்டு. பிளெண்டர் பாடம் 2.8க்கு முந்தினது, அதனால அதை மட்டும் விட்டுடுங்க, இங்க்ஸ்கேப் பாடம் ஆரம்பிக்க இன்னமும் நல்லது. யூட்யூப்ல தமிழ்ல நடத்தற சேனலும் நிறைய வந்தாச்சு, ஆனா எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வீடியோவை நடுவுல இருந்து அஞ்சு நிமிஷம் பாருங்க: அழுத்தற கீ ஸ்க்ரீன் ஓரத்துல தெரியுதா, இதை ஏன் பண்றோம்னு சொல்றாரா இல்ல இதை அழுத்துங்க அதை அழுத்துங்கன்னு மட்டும் போறாரா, ப்ராஜெக்ட் ஃபைல் கொடுக்கறாரா, கமெண்ட்ல சந்தேகம் கேட்டவங்களுக்கு பதில் இருக்கா. இதுல மூணு இருந்தா உக்காருங்க. டெலிகிராம்ல க்ராக் (காசு சாஃப்ட்வேரோட திருட்டு காப்பி) லிங்க் தரேன்னு ஆரம்பிக்கற வீடியோ எதுவும் வேண்டாம், அந்த ஃபைலோட எந்த வைரஸ் கூட வருதுன்னு சொல்ல முடியாது, இருக்கற ஒரே லேப்டாப்பை பணயம் வைக்க வேண்டிய தேவையும் இன்னிக்கு இல்ல, ஒவ்வொண்ணுக்கும் இலவசமா ஒண்ணு இருக்கு.

தமிழ்ல புரிஞ்சுக்கிட்டு மெதுவா இங்கிலீஷுக்கும் பழகிக்கங்க, ஏன்னா சிக்கல்னு வரும்போது பதில் பெரும்பாலும் இங்கிலீஷ்லதான் கிடைக்குது. பெரிய இங்கிலீஷ் தேவையில்ல, மெனு பேரு, டூல் பேரு, எரர்ல வர்ற வரி, இது போதும். ஒவ்வொரு புது டூல் பேரையும் ஒரு நோட்டுல எழுதி வைங்க, "அந்த உருண்டையா வர்றது" அப்படின்னு தேடினா ஒண்ணும் வராது, ஓரத்தை உருட்டற டூலோட பேரான பெவல்னு தேடினா நூறு வரும். பிளெண்டர்ல மௌஸை எந்த பட்டன் மேல வச்சாலும் பேரு வரும், எஃப் 1 அழுத்தினா மேனுவல்ல அந்தப் பக்கமே திறக்கும். அந்த மேனுவலை மொத்தமா டவுன்லோட் பண்ணி வச்சுக்கலாம், டேட்டா தீர்ந்து போற வீட்டுக்கு ரொம்ப உதவி. எரர் வந்தா அந்த வரியை அப்படியே தேடுங்க, பிளெண்டர் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச்ல யாராவது முன்னாடியே கேட்டிருப்பாங்க. வீடியோ வேகமா போச்சுன்னா 0.75ல வைங்க, நிறுத்திட்டு கமா, புள்ளி கீயை அழுத்தினா ஒவ்வொரு ஃப்ரேமா முன்ன பின்ன நகரும், எந்த மெனுவைத் தொட்டார்னு பிடிச்சிடலாம், இதே கீயை வச்சு நல்ல அனிமேஷன் ஷாட்டையும் ஃப்ரேம் ஃப்ரேமா பாருங்க, அது தனியா ஒரு படிப்பு.

உக்கார்ற விதம் பத்தியும் சொல்லணும். வீடியோ பார்த்துக்கிட்டே கூட சேர்ந்து செய்யறது சமையல் வீடியோவை ஓடவிட்டு அடுப்பு பக்கத்துல நிக்கற மாதிரி, அன்னிக்கு குழம்பு வரும், மறுநாள் தனியா வைக்கச் சொன்னா உப்பு எவ்வளவுன்னு தெரியாது. அதனால ஒரு பாடம் முடிஞ்ச உடனே ஃபைலை மூடிட்டு, வீடியோ இல்லாம அதே விஷயத்தை வேற பொருளை வச்சு செய்யுங்க, டோனட் பண்ணீங்கன்னா அடுத்து மெதுவடை பண்ணுங்க, ஓட்டை அதேதான், ஆனா மேல மொறுமொறுன்னு இருக்கற அந்த டெக்ஸ்ச்சருக்கு நீங்களே வழி தேடணும், அந்தத் தேடல்லதான் கத்துக்கறது நடக்குது. ஒரு வரிசையை எடுத்தா முடிக்கற வரைக்கும் இன்னொண்ணை திறக்காதீங்க, சுமாரான ஒண்ணை முடிச்சவங்க முன்னேறினதைப் பார்த்திருக்கேன், நல்ல நல்ல கோர்ஸா சேவ் பண்ணி வச்சவங்க அப்படியே இருக்கறதையும் பார்த்திருக்கேன்.

காசு கொடுத்து வாங்கலாமான்னா, முதல் மூணு மாசம் வேண்டாம். அதுக்கு அப்புறம் எந்தப் பக்கம்னு தெரிஞ்சதும் யூடெமில அடிக்கடி தள்ளுபடி வரும், அப்ப ஆயிரக்கணக்குல போட்டிருக்கறது சில நூறு ரூபாய்க்கு வந்துடும், முழு விலைக்கு வாங்கவே வாங்காதீங்க, வாங்கறதுக்கு முன்னாடி கடைசியா எப்ப அப்டேட் பண்ணாங்கன்னு பாருங்க. கோர்ஸெராவுல கால்ஆர்ட்ஸ் காலேஜோட கிராஃபிக் டிசைன் வரிசை இருக்கு, நல்ல பாடம், ஃபீஸ் கட்ட முடியாதவங்க ஃபைனான்ஷியல் எய்டுக்கு எழுதிப் போடலாம். எங்கயாவது காலேஜ்ல படிச்சிக்கிட்டு இருக்கற தம்பி தங்கச்சி வீட்ல இருந்தா ஆட்டோடெஸ்க் கம்பெனி மாணவர்களுக்கு மாயாங்கற 3டி சாஃப்ட்வேரை வருஷா வருஷம் இலவசமா கொடுக்கறது அவங்களுக்கு உபயோகப்படும்.

கடைசியா சர்டிஃபிகேட். நான் பார்த்த ஸ்டூடியோக்கள்ல ஆள் எடுக்கும்போது செஞ்ச வேலையைத் தொகுத்த ரீலைத்தான் போட்டுக் காட்டச் சொல்றாங்க, சர்டிஃபிகேட்டை யாரும் முதல்ல கேக்கறதில்ல, அரசு வேலையோ டீச்சர் வேலையோ போறவங்களுக்கு மட்டும் அது தேவைப்படும். ரீல் ஒரு நிமிஷத்துக்குள்ள இருக்கட்டும், நல்லதை முதல்ல போடுங்க, டுட்டோரியலைப் பார்த்து அப்படியே பண்ணதை போடாதீங்க, பார்க்கறவங்களும் அதே டோனட்டை பண்ணவங்கதான், உடனே கண்டுபிடிச்சிடுவாங்க. எடை தெரியற மாதிரி ஒரு பந்து, ஒழுங்கா நடக்கற ஒரு கேரக்டர், ஏதாவது ஒரு கனமான பொருளைத் தூக்கற ஒரு ஷாட், இந்த மூணு சுத்தமா இருந்தா கேரக்டர் அனிமேஷனுக்கு ஜூனியரா கேக்கறதுக்கு தைரியமா போகலாம். டிசைனுக்கு உங்க தெரு டீக்கடை, தையல் கடை, டியூஷன் சென்டர்னு மூணு நிஜமான கடைக்கு போர்டும் விசிட்டிங் கார்டும் பண்ணி அதையே ஃபோலியோவா, அதாவது காட்டற வேலைத் தொகுப்பா வைங்க. உங்க லேப்டாப்ல தனியா கிராஃபிக்ஸ் கார்டு இருக்கா, நீங்க எந்தப் பக்கம் போகப் போறீங்கன்னு சொல்லுங்க, அதுக்கு ஏத்த மாதிரி எந்த ப்ளேலிஸ்ட்ல எந்த வீடியோல ஆரம்பிக்கணும்னு தனியா எழுதித் தரேன்.